சேராத வட்டம்

யேசுராஜ் சுண்ணாம்பு டப்பாவைக் கையில் எடுத்தால் நான் அடுப்பைத் தணித்துவிடுவேன். அந்தக் கொஞ்ச நேரம் யாரும் டீ கேட்க மாட்டார்கள். ஆட வந்தவன், வேடிக்கை பார்க்க வந்தவன், நைட் ஷிப்ட் முடித்துக் கண் சிவக்க அப்படியே வந்து நிற்கிறவன், எல்லாருமே அவன் நடப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் சூசையப்பர் நகர், சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடம் போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு பக்கம் ஏரிக்கரை. இன்னொரு பக்கம் ஏதோ ஒரு கம்பெனி இடம் வாங்கிக் கம்பி வேலி போட்டதோடு சரி, இன்னும் ஒரு செங்கல் விழவில்லை. முன்னால் லாரி போகிற மண் ரோடு. இதற்கு நடுவில் கிடக்கிற வெட்டவெளிதான் எங்கள் கிரவுண்டு. ரோட்டோரம் என் டீ வண்டி.

முன்பெல்லாம் எல்லைக்குச் செருப்பை வைப்பார்கள், சட்டையை வைப்பார்கள். பந்து போனதும் செருப்பும் நகர்ந்திருக்கும். அதற்கு ஒரு சண்டை. அந்தச் சண்டைகளைப் பார்த்துச் சலித்துத்தான் யேசுராஜ் ஒருநாள் கடப்பாரையும் நைலான் கயிறுமாக வந்தான். கிரவுண்டு நடுவில் கடப்பாரையை அடித்தான். கயிற்றின் ஒரு முனையை அதில் கட்டினான். மறுமுனையை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, விறைப்பாக இழுத்தபடியே சுற்றி நடந்தான். இன்னொரு கையில் அடியில் ஓட்டை போட்ட பவுடர் டப்பா. அவன் நடக்க நடக்கச் சுண்ணாம்பு விழுந்தது. புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றான். யாருக்கும் கிட்டவும் இல்லை, யாருக்கும் எட்டவும் இல்லை. பேட்டைப் பிடித்து நடுவில் நிற்கிறவனுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே தூரம். அன்றிலிருந்து கோடு அவன் வேலை.

அவன் என் வயதுக்காரன். சொந்த ஊர் குன்றத்தூர் பக்கம். எட்டாவதோடு நின்று, வேன் கிளீனராக இருந்தான், பெயிண்டராக இருந்தான். சாரத்திலிருந்து விழுந்து முட்டி போனது. ஓட முடியாது, அதனால் ஆடவும் முடியாது. அப்புறம் ஒரகடத்தில் பேரிங்குக்கு இரும்புக் குண்டு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்து அந்த வேலையிலேயே நிலைத்துவிட்டான். பொழுதுக்கும் குண்டு பிரிப்பதுதான் வேலை. சாய்வாக இரண்டு உருளை இருக்குமாம், கீழே போகப் போக நடுவில் இடைவெளி அகன்றுகொண்டே போகுமாம். குண்டுகளை மேலே விட்டால் சின்னது முதல் பெட்டியிலேயே விழும், பெரியது கடைசிப் பெட்டிக்குப் போகும்.

"அதுல இன்னாய்யா கஷ்டம்?" என்று நான் கேட்டேன்.

"கஷ்டம் இல்ல. குண்டுன்னா எப்படித் திரும்பினாலும் ஒரே அகலம் இருக்கணும். இப்படிப் படுத்தா ஒரு அகலம், அப்படிப் படுத்தா ஒரு அகலம்னா அது குண்டு இல்ல, கொய்யாக்கா. அந்த மாதிரி ஒண்ணு ரெண்டு வரும். கண்ணுக்குத் தெரியாது. திருப்பி ஓட்டிப் பாக்கணும். மொத தபா ஒரு பொட்டில வுழும், ரெண்டாந்தபா வேற பொட்டில வுழும். மாட்டிக்கும்."

இந்தப் பேச்சை அவன் எல்லாவற்றுக்கும் இழுப்பான். யாராவது வந்து ஒருவனைப் பற்றிக் கோள் சொன்னால், "திருப்பி ஓட்டு" என்பான். சொன்னவன் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை கதை வேறு பெட்டியில் விழுந்தால் எழுந்து போய்விடுவான்.

வெங்காய பஜ்ஜியில்கூட அவனுக்கு இந்தப் பித்து உண்டு. உருண்டை வெங்காயத்தை எங்கே வெட்டினாலும் வட்டம்தான் வரும். ஓரத்தில் வெட்டினால் காலணா அகலம், நடுவுக்கு வர வர வட்டம் பெரிதாகும், நட்டநடுவில் வெட்டினது எல்லாவற்றையும்விடப் பெரியது. அவனுக்கு அந்த ஒன்றுதான் வேண்டும். "சரிபாதியா பொளந்த எடத்துல வர்றதப் போடு" என்று வண்டியை விட்டு நகர மாட்டான். ஒரு வெங்காயத்துக்கு ஒன்றுதானே அப்படி வரும், மற்றதை நான் யாருக்கு விற்பது?

இந்த வட்டத்தின் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் இருக்கிறது என்பதைக் கொம்பையா வந்துதான் எங்களுக்குச் சொன்னான். கொம்பையா தெற்கத்திப் பையன், ஐ.டி.ஐ. படித்தவன், ஒரு பட்டறையில் டர்னர். அவனும் அவன் ஊர்ப்பக்கத்துப் பையன்களும் சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு ஷிப்ட். ஞாயிறானால் தாமிரபரணி லெவன் என்று ஒரு டீமாகிவிடுவார்கள். எங்கள் நகர்ப் பையன்களோடு அவர்களை ஆடவைத்ததே யேசுராஜ்தான். கோடு போடுகிறவன் எந்தப் பக்கமும் இல்லை என்பதை இரண்டு பக்கமும் நம்பியதால் அது நடந்தது.

கொம்பையா டீயைக் கையில் வைத்துக்கொண்டு கிரவுண்டைப் பார்த்துச் சொல்வான். கடப்பாரை நிற்கிற இடம் மையம். கயிறு ஆரம். கயிற்றை அப்படியே எதிர்ப்பக்கம் வரைக்கும் நீட்டினால் விட்டம், அது ஆரத்தைப் போல இரண்டு மடங்கு. சுண்ணாம்பு விழுகிற மொத்த நீளமும் சுற்றளவு. ஏரிக்கரை வட்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறதே, அது நாண். கரைக்கு அந்தப்புறம் நாங்கள் கோடு போடுவதில்லை. கரையைத் தாண்டினால் நாலு, அவ்வளவுதான். விட்டுப்போன அந்த வளைவு ஒரு வில்.

"அப்போ இந்த ரோடு?" என்று யேசுராஜ் கேட்டான்.

"ரோடு வட்டத்துக்குள்ள வரல்லல்லா அண்ணாச்சி. ஒரே ஒரு எடத்துல தொட்டுட்டு அதுபாட்டுக்குப் போவுது. அதுக்குப் பேரு தொடுகோடு. டீக்கடை அண்ணாச்சி தொட்ட எடத்துல வண்டியப் போட்டுருக்காவ."

"பேரு எதுவோ, டீ சூடா கீதா பாரு" என்றான் யேசுராஜ். ஆனால் மறுநாளிலிருந்து யார் என் வண்டிக்கு வழி கேட்டாலும், "தொடுகோட்டாண்ட நிக்கும்" என்று அவனே சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. இந்த வருஷம் மழை விட்ட பிறகு இரண்டு டீமும் சேர்ந்து நடுவில் சிமென்ட் பிட்ச் போட்டார்கள். வினை அங்கே ஆரம்பித்தது.

பிட்ச் நன்றாகத்தான் வந்தது. பந்து சீராக எழும்பியது. ஆனால் மையம் இப்போது சிமென்டுக்கு நடுவில். கடப்பாரையை எங்கே அடிப்பது? யேசுராஜ் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். எங்கள் பக்கம் எந்த வீட்டில் பார்த்தாலும் ஒரு நீல டிரம் இருக்கும், கம்பெனியில் கெமிக்கல் வந்து காலியானது. அதில் ஒன்றை உருட்டி வந்து, நட்டநடுவில் நிறுத்தி, அசையாமல் இருக்க மணலை நிரப்பி, அதன் வயிற்றில் கயிற்றை இறுக்கிக் கட்டினான். டிரம்முக்கு உண்டான அகலத்தைக் கழித்துக் கயிற்றின் நீளத்தையும் சரிசெய்தான். என் வண்டியிலிருந்து புறப்பட்டு, ஏரிக்கரைப் பக்கமாகச் சுற்றி, கம்பி வேலிப் பக்கமாகத் திரும்பி வந்தான். வந்து சேர்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் குனிந்து என்னவோ செய்தான். நான் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ஃபைனல். கோப்பையெல்லாம் தூசி பிடித்துப் போகும் என்று இரண்டு டீமும் சேர்ந்து ஒரு கிடாவை வாங்கிப் பரிசாக நிறுத்தியிருந்தார்கள். கறுப்புக் கிடா, நெற்றியில் வெள்ளை. தாமிரபரணி முதலில் ஆடியது. கொம்பையா வேலிப் பக்கம் இரண்டு சிக்ஸர் தூக்கினான். பிறகு எங்கள் ஆட்கள். கடைசிப் பந்துக்கு சிக்ஸர் அடித்தால் வெற்றி என்று வந்து நின்றது. பேட் பிடித்தவன் ஸ்டீவ், யேசுராஜின் மச்சான், அவன் மனைவி ஜெபமணியின் கூடப்பிறந்த தம்பி.

ஸ்டீவ் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான். பந்து வேலிப் பக்கம் என் தலைக்கு மேலே ஏறியது. அருள்பாண்டி என்கிற பையன் பின்னால் ஓடி ஓடி, இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அணைத்தபடியே ஒரு எட்டு பின்னால் வைத்தான். குதிகால் சுண்ணாம்பில். அம்பயர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

எங்கள் பையன்கள் கிடாவைத் தூக்கிக்கொண்டு ஆடத் தொடங்கினார்கள். அருள்பாண்டி நின்ற இடத்திலேயே நின்றான்.

"ஏ, நிறுத்துங்கல! கேட்ச் பிடிச்சிட்டேம்லா!"

"கோட்ட மிதிச்சிக்கினு இன்னா கேட்ச்சு? கீழ பாரு!" என்று ஸ்டீவ் கத்தினான்.

"எந்தக் கோட்ட? எப்பவும் அந்தா, அந்த ஆவாரஞ்செடிக்கு வெளியலா கோடு கெடக்கும்? இப்ப செடி வெளிய நிக்கி, கோடு உள்ள கெடக்கு. செடி நடந்து போச்சோ?"

எல்லாரும் பார்த்தோம். அவன் சொன்னது சரி. செடிக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கலாம்.

"கயிறு எங்க நின்னுதோ அங்கதான் தம்பி போட்டேன்" என்றான் யேசுராஜ்.

"கயிறு ஒங்க மச்சானப் பாத்து நின்னுக்கிட்டோ?"

சிரிப்பு எழுந்தது. ஸ்டீவ் பேட்டை ஓங்கிக்கொண்டு வந்தான், நான்கு பேர் பிடித்தார்கள். கொம்பையா மட்டும் சிரிக்கவில்லை. குரலை உயர்த்தாமல் பேசினான்.

"அண்ணாச்சி, நான் ஒங்கள ஒண்ணும் சொல்லல. ஆனா ஒங்க கோட்ட நம்பித்தான் நாங்க இங்க வாரோம். அது இல்லன்னா எங்களுக்கு இங்க ஒண்ணும் இல்ல. மணிமங்கலம் பக்கம் ஒரு கிரவுண்டு இருக்கு, அங்க போயிக்கிடுதோம். கெடாவ யாரும் தொடாண்டாம். கோடு எப்படி உள்ள வந்துச்சுன்னு தெரியிற மட்டும் ஒங்க வீட்லயே நிக்கட்டும்."

யேசுராஜ் டப்பாவை என் வண்டிக்கு அடியில் வைத்துவிட்டு, கிடாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முட்டியை இழுத்து இழுத்து நடந்து போனான். இருபது பேர் சேர்ந்து கத்தியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். மச்சானுக்காகக் கோட்டை இழுத்தவன் என்ற பேச்சு அவனைச் சாப்பிடவிடவில்லை. அவனுக்கென்று அந்த வெட்டவெளியில் இருந்தது அந்தக் கோடு ஒன்றுதான்.

மறுநாள் சாயங்காலம் அவன் ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். எனக்குப் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னை. கிடாவை அதில்தான் கட்டியிருந்தார்கள்.

உள்ளேயிருந்து ஜெபமணி குரல் கொடுத்தாள். "இன்னாங்க, உங்க பரிசு கத்திக்கினே கீது. மரத்தச் சுத்திச் சுத்தி வந்து கழுத்து மாட்டிக்கினு நிக்குது. போய் அவுத்து வுடுங்க."

யேசுராஜ் முனகிக்கொண்டே எழுந்தான். கிடாவின் மூக்கு மரத்தில் உரசிக்கொண்டு நின்றது. கொம்பைப் பிடித்து வந்த வழியே திருப்பி நடத்தினான். ஒரு சுற்று சுற்றினான், கயிறு கொஞ்சம் நீண்டது. இன்னொரு சுற்று, இன்னும் கொஞ்சம் நீண்டது. மூன்றாவது சுற்றில் பாதியிலேயே நின்றுவிட்டான். கொம்பு கையில், வாய் திறந்தபடி.

"இன்னாச்சு?" என்றேன்.

அவன் கிடாவை மறுபடி முதலில் கட்டின நிலைக்குக் கொண்டு வந்து, ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்து அதன் மூக்குக்கு முன்னால் காட்டிக்கொண்டு, மரத்தைச் சுற்றிக் கூட்டிப் போனான். கயிறு மரத்தில் ஒட்ட ஒட்ட, கிடா மரத்துக்குக் கிட்ட வந்துகொண்டே இருந்தது. மண்ணில் குளம்புத் தடம் புறப்பட்ட இடத்துக்கு வரவில்லை. அதற்கு உள்ளே வந்து நின்றது.

ஜெபமணி வாசலுக்கு வந்து இடுப்பில் கையை வைத்தாள். "பாருங்கண்ணே, ஆட்ட அவுக்கச் சொன்னா இவரும் சேந்து சுத்தறாரு. கம்பெனில இன்னா குடுத்து அனுப்புனாங்களோ."

"யோவ்" என்றான் யேசுராஜ் என்னைப் பார்த்து. "டிரம்முய்யா!"

வெளிச்சம் போவதற்குள் இரண்டு பேரும் கிரவுண்டுக்குப் போனோம். ஆட்டத்துக்காக ஓரமாக உருட்டிவிட்டிருந்த டிரம்மை மறுபடி நடுவில் நிறுத்தி மணலை நிரப்பினோம். யேசுராஜ் கயிற்றைப் பழையபடி கட்டினான். இந்த முறை சுண்ணாம்பு இல்லை. எதிர்ப்பக்கமாக நடந்தான். என் வண்டி நிற்கிற இடத்திலிருந்து புறப்பட்டு முதலில் வேலிப் பக்கம். அங்கங்கே நான் கல் வைத்துக்கொண்டே போனேன். கல் ஆவாரஞ்செடிக்கு வெளியே விழுந்தது, எப்போதும் கோடு கிடக்கிற இடத்தில். அப்படியே சுற்றி ஏரிக்கரைப் பக்கமாக வரும்போது கல் உள்ளே உள்ளே வந்தது. இப்போது குறைந்து போனது அந்தப் பக்கம்.

யேசுராஜ் கயிற்றைக் கீழே போட்டான்.

"திருப்பி ஓட்டியாச்சு. வேற பொட்டில வுழுது" என்றான். பிறகு மெதுவாக, "அப்போ நான் இழுக்கல. ஆனா கோடு தப்புதான்யா" என்றான். அழுவானோ என்று பார்த்தேன். சிரித்தான்.

இந்தச் சேதி ஸ்டீவின் காதுக்குப் போவதற்கு வெகுநேரம் ஆகவில்லை. அவன் யேசுராஜ் வீட்டு வாசலில் பைக்கில் வந்து இறங்கி, நின்றபடியே பேசினான்.

"மாமா, இத வெளில வுடாத. அம்பயர் சிக்ஸர் குடுத்தாச்சு, முடிஞ்சிச்சு. நீ எந்த டீமு மாமா?"

"நான் டீமே இல்லடா. அதனாலதான் என் கையில டப்பாவக் குடுத்தீங்க."

"அக்கா, நீயாவது சொல்லு."

"நான் இன்னாத்த சொல்றது?" என்றாள் ஜெபமணி. "கண்ண மூடிக்கினு அடிச்சிட்டுப் பேச்சப் பாரு. நானும் பாத்துக்கினுதான இருந்தேன்."

யேசுராஜ் கொம்பையாவுக்குச் சொல்லியனுப்பினான். ஆட வர வேண்டாம், சும்மா வந்து ஒரு விஷயம் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை தாமிரபரணி லெவன் முழுசாக வந்து நின்றது. எங்கள் பையன்களும் வந்தார்கள். யேசுராஜ் கிடாவைக் கூட்டிக்கொண்டு வந்தான், பின்னாலேயே ஜெபமணியும் வந்தாள்.

"ஏ, அண்ணாச்சி சாட்சிக்கு ஆளக் கூட்டிட்டு வந்திருக்காவ!" என்றான் அருள்பாண்டி.

"ஆமாந்தம்பி. இதுக்குத்தான் எந்த டீமும் கெடையாது. யாரு ஜெயிச்சாலும் இதுக்கு நஷ்டம்."

அதற்கு இரண்டு பக்கமும் சிரித்தது. அவன் கிடாவின் கயிற்றை டிரம்மில் இறுக்கிக் கட்டினான், வேப்பிலையைக் காட்டிச் சுற்ற வைத்தான். கிடா மூன்று சுற்றில் டிரம்மில் கழுத்து ஒட்டிக்கொண்டு நின்று கத்தியது. பிறகு யேசுராஜ் வேலிப் பக்கம் போய், என் வண்டிக்குப் பக்கத்தில் கோட்டின் ஒரு வளைவைக் காலால் தேய்த்து அழித்தான். அழித்த இடத்தில் பார்த்தால், புறப்பட்ட கோடு வெளியே கிடந்தது, வந்து சேர்ந்த கோடு உள்ளே கிடந்தது.

"இங்கதான் சேரல. கயிறு கையில நழுவிச்சு போலன்னு நெனச்சு வளைச்சுச் சேத்துட்டேன். கேட்டிருக்கணும், கேக்கல. அருளு புடிச்ச கேட்ச்சு நல்ல கேட்ச்சு."

கொம்பையா டிரம்மிடம் போனான். கிடாவை அவிழ்த்துவிட்டு, அந்தக் கயிற்றால் டிரம்மை ஒரே ஒரு சுற்று சுற்றி, முடிந்த இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு, வேலிப் பக்கம் வந்து, வெளிக்கோட்டுக்கும் உள்கோட்டுக்கும் நடுவில் அந்த நீளத்தை வைத்தான். கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்தியது.

"டிரம்மோட சுத்தளவு அண்ணாச்சி. நீங்க ஒரு சுத்து வந்தா, அதும் மேல கயிறும் ஒரு சுத்து சுத்திக்கிடுது. அம்புட்டு நீளம் கொறையும். ஆரம் கொறைஞ்சுக்கிட்டே வந்தா எப்படி வட்டம் கூடும்?"

"அப்போ கடப்பாரை?" என்று யேசுராஜ் கேட்டான்.

"அதுலயும் சுத்தியிருக்கும். கடப்பாரை ஒல்லிலா? நாலு விரக்கடை வந்திருக்கும்."

யேசுராஜ் நெற்றியில் அறைந்துகொண்டான். "வாரா வாரம் நாலு விரக்கடை வரும்யா! என் கை நடுங்குதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். வயசாயிடிச்சோன்னு பயந்து, இவகிட்டகூட சொல்லல!"

இத்தோடு முடிந்திருக்கும். ஸ்டீவ் விடவில்லை. "ஒரு நிமிஷம். கோடு எங்களுக்கு மட்டுமா குறைஞ்சிருந்திச்சு? கொம்பையா அடிச்ச ரெண்டு சிக்ஸரும் இதே வேலிப் பக்கம்தான? அதுல ஒண்ணு செடிகிட்டயே வுழுந்திச்சு. அது நாலுதான!"

எல்லாரும் ஆவாரஞ்செடியைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஸ்டீவைப் பிடிக்காது, ஆனால் அன்றைக்கு அவன் சொன்னது நியாயம். இரண்டு பேரும் ஒரே தப்பு வட்டத்துக்குள் ஆடியவர்கள்தானே.

கொம்பையா தலையைச் சொறிந்தான். "செடிகிட்ட விழுந்தது நெசந்தான். எனக்கே அப்பம் தெரியும், சிக்ஸருன்னு கை தூக்கவும் பேசாம இருந்துக்கிட்டேன்."

"கேப்டன், நீரு எந்த டீமுவே?" என்று அருள்பாண்டி அலறினான்.

அதைக் கேட்டதும் ஜெபமணி சிரித்த சிரிப்பில் கிடா மிரண்டு ஓடியது. இரண்டு டீமும் சேர்ந்து அதைத் துரத்திப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் சண்டை தானாகவே பாதி கரைந்துவிட்டது. மறுபடி ஆடுவது என்று முடிவாயிற்று. கிடா அதுவரை யேசுராஜ் வீட்டில்.

"கோட்ட நீங்களே போட்டுக்குங்க தம்பி" என்றான் யேசுராஜ். டப்பாவைக் கொம்பையாவிடம் நீட்டினான். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டான்.

கொம்பையா டப்பாவை வாங்கவில்லை. "எனக்கு நாலு விரக்கடை சேரலன்னா நான் பாட்டுக்குப் போயிருவேன். ஒங்களுக்குத்தான் சாப்பாடு எறங்காது. கோடு நீங்கதான் போடணும். நடுவ மட்டும் நான் செஞ்சு தாரேன்."

செய்து தந்தான். சிமென்ட் பிட்சின் நட்டநடுவில் ஓட்டை போட்டு ஒரு குழாயைப் புதைத்தான். ஆட்ட நேரத்தில் அதற்கு மூடி. கோடு போடும்போது மூடியை எடுத்து ஒரு இரும்புக் கம்பியைச் செருகலாம். கம்பியின் தலையில் பழைய பைக் சக்கரத்து பேரிங் ஒன்று, மெக்கானிக் கடையில் கேட்டு வாங்கியது. உள்வளையம் கம்பியைக் கவ்விக்கொண்டு நிற்கும். வெளிவளையத்தில் கயிறு.

யேசுராஜ் அந்த பேரிங்கைக் காதோரம் வைத்துச் சுழற்றிப் பார்த்தான். உள்ளே குண்டுகள் ஓடுகிற சத்தம் கேட்டு முகம் மலர்ந்து போனது.

"இன்னாய்யா அதுல?" என்றேன்.

"கயிறு சுத்தும்போது இந்த வெளிவளையம் கூடவே திரும்பும், கயிறு கம்பில ஒட்டாது. ஏன் திரும்புதுன்றே? நடுவுல குண்டு உருளுது. எந்தக் குண்டும் கொய்யாக்கா இல்ல. ஒரு கொய்யாக்கா இருந்தாலும் மாட்டிக்கினு நிக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "நாள் பூரா பிரிச்சிப் போடறேன், எங்க போய் இன்னா பண்ணுதுன்னு எவன் கண்டான்? ஒண்ணு நம்ம கிரவுண்டுக்கு வந்திச்சு பாரு" என்றான்.

மறு ஆட்டம் நடந்த ஞாயிறு அவன் கோடு போட்டதை நான் மறக்க மாட்டேன். அடுப்பை அணைத்தே விட்டேன். என் வண்டிக்கு முன்னால் சுண்ணாம்பைத் தட்டிப் புறப்பட்டான். கயிறு பாதி வழியில் முள்ளில் மாட்டாமல் அருள்பாண்டி ஒரு இடத்திலும் ஸ்டீவ் ஒரு இடத்திலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்கள், ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே. கரையேறி, இறங்கி, வேலியோரம் வந்து, ஆவாரஞ்செடிக்கு வெளியே போய், வண்டியை நோக்கி வந்தான். கடைசி நான்கு எட்டு இருக்கும்போது எல்லாரும் வண்டிப் பக்கம் ஓடி வந்தார்கள். சுண்ணாம்பு சுண்ணாம்பின் மேல் போய் விழுந்தது. எங்கே தொடங்கினான், எங்கே முடித்தான் என்று எனக்கே காட்டத் தெரியவில்லை. கொம்பையா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"கூடிட்டு" என்றான்.

யேசுராஜ் டப்பாவில் மறுபடி சுண்ணாம்பை நிரப்பிக்கொண்டு, "திருப்பி ஓட்டு" என்றான். எதிர்ப்பக்கமாக இன்னொரு தடவை நடந்தே தீருவான் என்று தெரியும். நடந்தான். கோட்டின் மேலேயே கோடு விழுந்தது. அதற்குப் பிறகுதான் நடுப்பஜ்ஜி கேட்டு வந்து நின்றான். அன்றைக்கு நான் இரண்டு வெங்காயத்தை வெட்டி இரண்டு நடுவையும் அவனுக்கே போட்டேன்.

ஆட்டம் தாமிரபரணிக்குப் போனது. ஸ்டீவ் அதே வேலிப் பக்கம் அதே மாதிரி தூக்கி, அதே அருள்பாண்டி கையில் கொடுத்துவிட்டு வந்தான். இந்த முறை கோடு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்ச்சுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு பாயை விரிக்கலாம்.

கிடாவைக் கொண்டுபோய் மாடியில் கட்டினால் வீட்டுக்காரர் விரட்டிவிடுவார் என்று, தெற்கத்திப் பையன்கள் அதை யேசுராஜ் வீட்டிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் சேர்ந்தாற்போல லீவு கிடைக்கிற அன்றைக்கு வெட்டலாம் என்று பேச்சு. இங்கே எல்லாருக்கும் சேர்ந்தாற்போல எப்போது லீவு கிடைத்திருக்கிறது? கிடா கொழுத்துக்கொண்டே போகிறது.

அதைத் தென்னையில் கட்டுவதையும் யேசுராஜ் நிறுத்திவிட்டான். வீட்டுப் பின்னால் ஒரு கம்பியை அடித்து, அதற்கும் ஒரு பழைய பேரிங் மாட்டியிருக்கிறான். இப்போது கிடா எத்தனை சுற்று சுற்றினாலும் கழுத்து மாட்டுவதில்லை. கயிறு எட்டுகிற மட்டும் புல்லை மேய்ந்து, அச்சாக ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறது. கொம்பையா வந்தால் அதைக் காட்டி மகிழ்வான்.

நேற்று ஜெபமணி கூப்பாடு போட்டாள். "முன்ன மரத்துல மாட்டிக்கினு சிவனேன்னு நின்னுச்சு. இப்போ என் கீரைப் பாத்தி வரைக்கும் எட்டுது. சிறுகீர மொத்தமும் போச்சு. நாளைக்கு உங்க தட்டுல புல்லுதான்."

யேசுராஜ் சிரித்துக்கொண்டே போய்க் கயிற்றில் ஒரு முழம் சுருட்டிக் கட்டினான். "ஆரத்தக் கொறைச்சாச்சு" என்றான்.

"எதையோ கொறைங்க. கீர முளைக்கட்டும்" என்றாள் அவள்.